நாலரை மணிப் பேருந்து: கேளம்பாக்கம் வட்டாரக் கல்வி வளாகங்களில் சேர்க்கையும் சேர்ந்திருத்தலும்

1. கேள்வி

கேளம்பாக்கத்தில் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையோடு வந்து கூடுகின்றன. மாலை நாலரை மணிக்கு அங்கே நின்றால், அடுத்த அரை மணி நேரத்துக்குக் கல்லூரிப் பேருந்துகள்தாம் சாலை. முன்கண்ணாடியில் தாம்பரம், பல்லாவரம், பெரம்பூர், ஆவடி, செங்கல்பட்டு என்று ஊர்ப்பெயர் ஒட்டிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்னலில் வந்து நிற்கும். உள்ளே பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். அப்படி நின்ற ஒரு வண்டியின் சன்னலோரத்தில் ஒரு மாணவி மடியில் ரெக்கார்டு நோட்டை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். வண்டி நிற்கும்போது மட்டும் கோடு போடுகிறாள். நகர்ந்தால் பென்சிலைத் தூக்கிவிடுகிறாள். பச்சை விழுவதற்குள் ஒரு கட்டத்தின் மூன்று பக்கம் முடிந்தது. நாலாவதை அடுத்த சிக்னலுக்கு வைத்துக்கொண்டாள்.

இந்தக் கூட்டுரோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற கல்வி வளாகங்கள் பல இருக்கின்றன. தெற்கே காலவாக்கத்தில் 1996-இல் தொடங்கிய எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியும் அதையொட்டிப் பின்னால் வந்த சிவ் நாடார் பல்கலைக்கழகமும். வடக்கே படூரில் 1985-இல் தொடங்கிய இந்துஸ்தான். வண்டலூர்ச் சாலையில் 2010 முதல் விஐடியின் சென்னை வளாகம். கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவக் கல்லூரி. பக்கத்துத் தையூரில் சென்னை ஐஐடியின் இரண்டாம் வளாகம், 163 ஏக்கரில். உப்பளமும் ஏரியும் சவுக்குத் தோப்புமாக இருந்த ஒரு வட்டாரம் நாற்பது ஆண்டுக்குள் இப்படி மாறியிருக்கிறது.

இந்த வளாகங்களில் இடம் கிடைப்பது ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றும் நிகழ்வு. ஊரில் ‘சீட் கெடச்சாச்சு’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் நிம்மதி பொய்யில்லை. ஆனால் ஒரே வகுப்பில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர் நாலாண்டு முடிவில் இருவேறு கல்லூரிகளில் படித்தவர்கள்போல வெளியே வருகிறார்கள். ஒருவர் கல்லூரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். இன்னொருவருக்குச் சொல்ல வகுப்பும் தேர்வும் மட்டுமே இருக்கும். இந்த வேறுபாடு எங்கே விளைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

புதிய கணக்கெடுப்பு எதையும் இது முன்வைக்கவில்லை. வெளிவந்த ஆய்வுகளையும், அரசின் சட்டங்களையும் திட்டங்களையும், இச்சாலையில் பல ஆண்டு போய்வந்ததில் கண்டவற்றையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர்பெற்ற வளாகத்தின் அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வகுப்பு முடிந்த பிறகு நடப்பது. ஆகவே யார் மாலையில் வளாகத்தில் இருக்கிறார், யார் நாலரை மணிப் பேருந்தில் ஏறிவிடுகிறார் என்பது, யாருக்கு இடம் கிடைத்தது என்பதற்கு நிகரான கேள்வி. நம் விவாதங்கள் இரண்டாவதிலேயே நின்றுவிடுகின்றன.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ்நாட்டில் உயர்கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் வாசலைப் பற்றியது. அதற்குத் தக்க காரணம் உண்டு. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் காக்க 1994-இல் தனிச் சட்டம் வந்தது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2006-இல் நிறைவேறிய சட்டத்தால் நீங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆயிற்று. பொறியியல் கலந்தாய்வுக்காகக் கிண்டி வளாகத்துக்குத் தாயும் தகப்பனும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் காத்திருந்த காலம் 2018-இல் இணையவழிக் கலந்தாய்வோடு முடிந்தது. இவற்றின் பயன் கண்கூடு. 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. வாசல் அகன்றிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

உள்ளே நடப்பதைப் பேசிய ஆய்வுகளில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அஜந்தா சுப்ரமணியன் 2019-இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’, சென்னை ஐஐடியை மையமாக வைத்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சாதிமுதல் எப்படித் ‘தகுதி’ என்ற பெயரில் சாதியற்றதாகத் தோற்றம் கொள்கிறது என்று காட்டுகிறது. இந்த வாதத்தை மறுப்பது கடினம். ஆயினும் அதன் பார்வை நுழைவுத் தேர்வின்மீதும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றின்மீதும் குவிந்திருப்பதால், நாலாண்டின் அன்றாடம் அதில் பின்னணியாகிவிடுகிறது.

இரண்டாவது, சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2006-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் எழுதியது. அவர்கள் கைக்கொண்ட சொல் ‘எக்ஸ்போஷர்’. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது மதிப்பெண்ணுக்கு அப்பால் தேடுவது இது. நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைக்கு இல்லை என்று நிறுவனத்தாரும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருமுகமாக நம்புகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மிக முக்கியமான கண்டறிதல். இன்றும் இச்சாலையில் எந்தக் கல்லூரியின் பிளேஸ்மெண்ட் அறையிலும் இந்தச் சொல் காதில் விழும். ஆனால் எக்ஸ்போஷர் வீட்டிலிருந்து வருவது மட்டும்தானா? வளாகத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடியது என்றால், எந்த நேரத்தில்?

மூன்றாவது, கான்ஸ்டன்டைன் நகாசிஸின் ‘டூயிங் ஸ்டைல்’ (2016). தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் தங்கி எழுதப்பட்டது. ‘ஸ்டைல்’, ‘கெத்து’, ‘பீட்டர் விடுறது’ ஆகிய நம் சொற்களை இவ்வளவு பொறுமையோடு எடுத்துப் பார்த்த ஆய்வு வேறு எனக்குத் தெரியாது. ஆங்கிலம் பேசாதவனுக்கு ஒரு கூச்சம், கூடுதலாகப் பேசுபவனுக்குப் ‘பீட்டர்’ என்ற பட்டம். இரண்டுக்கும் நடுவே மாணவர் தம்மை எப்படி நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. இந்த நிகழ்ச்சிகள் விடுதி அறையிலும் நண்பர் கூட்டத்திலும் நடப்பவை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது அமெரிக்காவிலிருந்து. அந்தனி ஆபிரகாம் ஜாக் 2019-இல் எழுதிய ‘தி பிரிவிலேஜ்டு புவர்’, ஏழை மாணவருக்கு இடம் கொடுத்த செல்வந்தப் பல்கலைக்கழகங்கள் வசந்தகால விடுமுறையில் உணவுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போவதை எழுதியது. ஊருக்குப் போகக் காசில்லாத மாணவர் அந்த நாள்களில் பசியோடு இருந்தார்கள். இடம் கொடுத்த நிறுவனத்தின் காலண்டர், இடம் பெற்றவரின் வாழ்க்கையை அறியாமல் அச்சிடப்பட்டிருந்தது. நம் வட்டாரத்துக்கு இது நெருக்கமான செய்தி. அங்கே விடுமுறை, இங்கே மாலை.

3. மண்டபம், விடுதி, பேருந்து

தென்சென்னைப் புறநகரில் கல்வி வளாகம் என்பது மூன்று வடிவங்களில் வந்திருக்கிறது. இந்த வரலாறு தெரியாமல் இன்றைய மாணவரின் நாளைப் புரிந்துகொள்ள முடியாது.

முதல் வடிவம் தாம்பரத்தில். 1837-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து, 1937-இல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. நெரிசல் மட்டும் காரணமில்லை; ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்வதே கல்வி என்ற கருத்தும் அதன் பின்னால் இருந்தது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மூன்று மண்டபங்களும் அந்தக் கருத்தின் கட்டட வடிவம். அங்கே படித்தவரிடம் எந்தத் துறை என்று கேட்பதற்கு முன் எந்த ஹால் என்று கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது 1959-இல், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, கிண்டிக் காட்டை ஒட்டி 617 ஏக்கரில் எழுந்த சென்னை ஐஐடி. ஐஐடி விடுதிகளுக்கு நர்மதா, கோதாவரி, காவேரி என்று ஆறுகளின் பெயர். ஏறக்குறைய எல்லா மாணவரும் உள்ளேயே தங்கிப் படிப்பதால், மாலை என்பது அங்கே நேர அட்டவணையில் எழுதாத பாடம்.

மூன்றாவது வடிவம் 1984-85 வாக்கில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான் எல்லாம் அந்த ஓரிரு ஆண்டுகளில் தோன்றியவை. நகருக்குள் நிலம் விலை அதிகம். கல்லூரிக்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டும். ஆகவே கல்லூரி ஊருக்கு வெளியே போயிற்று. மாணவர் ஊருக்குள் இருந்தார்கள். இரண்டையும் இணைக்கக் கல்லூரியே பேருந்து விட்டது. ஹாலும் விடுதியும் முந்தைய வளாகங்களுக்கு எப்படியோ, அப்படி இந்த வளாகங்களுக்குப் பேருந்து. அதுவே இவற்றின் அடிப்படை அமைப்பு.

விடுதிகள் இங்கேயும் உண்டு. பல இடங்களில் பெரிய விடுதிகள். ஆனால் தங்குவது இங்கே கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் வசதி. இந்த ஒரு மாற்றத்தின் கனத்தை நம் கல்வி வரலாறு போதிய அளவு எடைபோடவில்லை என்பது என் கருத்து. தாம்பரத்திலும் கிண்டியிலும் மாலை எல்லோருக்கும் பொது. பழைய மாமல்லபுரம் சாலையில் அதற்கு விலை உண்டு.

4. நாலரைக்கும் பத்துக்கும் இடையில்

மாலையில் அப்படி என்ன நடக்கிறது என்று கேட்கலாம். அரட்டையும் கிரிக்கெட்டும் சினிமாவும்தானே என்று பெற்றோரில் பலர் நினைப்பதும் எனக்குத் தெரியும். நடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மன்றங்கள் கூடுவது அப்போது. ரோபோ, கோடிங், விவாதம், நாடகம், குறும்படம், தமிழ் மன்றம் என எதுவானாலும் வகுப்பு முடிந்த பிறகே. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் நெருங்கினால் இரண்டு வாரத்துக்கு இரவு ஒன்பது பத்து ஆகும். நிகழ்ச்சி நடக்கும் நாள்களுக்கு ‘ஓடி’ (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய இரவுகளுக்கு எந்த வருகைப்பதிவும் இல்லை. அந்த இரவுகளில்தான் யார் பொறுப்பாளர் என்பது தானாக முடிவாகிறது. விளம்பரதாரரிடம் தொலைபேசியில் பேசுவது, வரவு செலவு எழுதுவது, மேடை அமைப்பாளரோடு மல்லுக்கு நிற்பது, கடைசி நேரத்தில் வராத விருந்தினருக்கு மாற்று தேடுவது எல்லாவற்றையும் பத்தொன்பது இருபது வயதில் ஒருவர் கற்றுக்கொள்கிறார். இரண்டாண்டு கழித்து நேர்முகத் தேர்வில், ‘ஒரு சிக்கலை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்’ என்று கேட்டால் அவருக்குச் சொல்லக் கதை இருக்கும். நாலரைக்கு வண்டி ஏறியவரிடம் மதிப்பெண் இருக்கும், கதை இருக்காது. எக்ஸ்போஷர் என்று நிறுவனங்கள் பெயர் சூட்டியதில் கணிசமான பங்கு இந்தக் கதைகள்தாம்.

ஆய்வகமும் அப்படியே. தையூர் வளாகத்தில் ஐஐடி மாணவர்களின் ‘ஆவிஷ்கார்’ குழுவோடு இணைந்து உருவான ஹைப்பர்லூப் சோதனைத் தடம் 400 மீட்டரைத் தாண்டிய நீளம் கொண்டது. 2017-இல் தொடங்கிய அந்தக் குழு 2019-இல் அமெரிக்காவில் ஸ்பேஸ் எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. இப்படியொரு வேலை எட்டு மணி முதல் நாலு மணி வரையிலான அட்டவணைக்குள் அடங்குவதில்லை. ஓர் உதிரி பாகம் பொருந்தாமல் போனால் பொருந்தும் வரை அதனோடு உட்கார வேண்டும். பேருந்து கிளம்பிவிடும் என்று பாதியில் எழுந்து போக முடியாது.

மூன்றாவதாக ஒன்று, எந்தக் கையேட்டிலும் இல்லாதது. மெஸ் வரிசையிலும் டீக்கடையிலும் சீனியர் சொல்வது. எந்தப் பேராசிரியரிடம் திட்டக்கட்டுரைக்குப் போகலாம், எந்த நிறுவனம் முதல் சுற்றில் என்ன கேட்கும், கோடை இன்டர்ன்ஷிப்புக்கு எப்போதிருந்தே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும், வெளிநாட்டுக்குப் போக யாரிடம் பரிந்துரை வாங்குவது. இவை இரகசியமல்ல. கேட்டால் யாரும் சொல்வார்கள். கேட்க வேண்டும் என்பதே தெரியாதவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் காதில் விழக்கூடிய செய்திகள் அவை.

இனி மறுபக்கக் கணக்கு. பெரம்பூரிலோ ஆவடியிலோ இருந்து கேளம்பாக்கம் பக்கம் வரும் ஒரு மாணவர் காலை ஆறு மணிக்கு நிறுத்தத்தில் நிற்கிறார். போக இரண்டு, வர இரண்டு என்று நாளுக்கு நாலு மணி நேரம். ஆண்டுக்கு 180 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் நாலாண்டில் 2,880 மணி நேரம். 120 முழு நாள், இரவு பகல் சேர்த்து. ஒரு பருவத்தின் வகுப்பு நேரத்தைவிட இது கூடுதல். வண்டியில் படிக்கலாமே என்பவர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கும் வண்டியில் ஒரு பக்கம் வாசித்துப் பார்க்கட்டும்.

5. பேருந்தின் பக்கம் நின்று

இதுவரை எழுதியதை ஒரு தாய் வாசித்தால் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இராது. பேருந்து இல்லாவிட்டால் என் மகள் படித்திருப்பாளா?

படித்திருக்க மாட்டாள் என்பதே பல வீடுகளில் உண்மை. வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஏற்றி, வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும் வண்டி, கண்காணிக்க ஆள், நேரம் தவறாத வருகை எல்லாம் உண்டு என்ற உறுதியின் பேரில்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்தும் மதுராந்தகம் பக்கத்திலிருந்தும் ஒரு தலைமுறைப் பெண்கள் பொறியியல் படித்தார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் தொழிற்கல்விக்குள் வந்த வரலாற்றை எழுதுபவர், இடஒதுக்கீட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் கல்லூரிப் பேருந்தையும் எழுத வேண்டும். வாசலைத் திறந்த வண்டிதான் மாலையை மூடியது. இரண்டும் ஒரே வண்டி என்பதால், பேருந்தைக் குறை சொல்வதும் போற்றுவதும் தனித்தனியே பொருளற்றவை.

விடுதியில் தங்கும் பெண்ணுக்கு மட்டும் மாலை முழுதாகக் கிடைக்கிறதா? இவ்வட்டாரத்தின் பல கல்லூரிகளில் பெண்கள் விடுதிக்கு உள்ளே வரவேண்டிய நேரம் ஆண்கள் விடுதியைவிட முந்தியது. ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்றால் துறைத்தலைவர், காப்பாளர், சில வேளை பெற்றோர் என மூன்று கையெழுத்து. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ‘சக்‌ஷம்’ அறிக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மட்டும் கட்டுப்பாடு விதிப்பது கூடாது என்று சொன்னது. அறிக்கை வந்து பத்தாண்டு தாண்டிவிட்டது. ஐஐடிகளில் 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி, அவர்கள் பங்கை 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி நடந்தது. அதுவும் வாசலில் நடந்த சீர்திருத்தமே.

ஆகவே வீட்டிலிருந்து வரும் மாணவர், விடுதி மாணவர் என்ற இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது போதாது. டே-ஸ்காலர் ஆண் ஒருவர் நினைத்தால் கல்லூரி வண்டியை விட்டுவிட்டு, ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, 19பி-யோ 102-ஓ ஏறி வீடு போய்ச் சேரலாம். விடுதியிலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஏழு மணி இல்லாமல் போகலாம்.

6. இருந்தும் சேராதவர்

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று சென்னை ஐஐடியே. அங்கே எல்லோருக்கும் மாலை இருக்கிறது. இருந்தும் சேராதவர் அங்கே உண்டு. 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் விலக்கப்பட்டு, நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் ஜூனில் திரும்பக் கிடைத்தது. 2018 டிசம்பரில் ஓர் உணவுக்கூடத்தில் சைவ, அசைவ மாணவருக்குத் தனித்தனி நுழைவும் கைகழுவும் இடமும் குறித்து ஒட்டப்பட்ட அறிவிப்புகள் செய்தியாயின, பிறகு அகற்றப்பட்டன. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நிலையை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கையும் உணவுக்கூடம், விளையாட்டு, கலை நிகழ்ச்சி ஆகியவற்றில் ஒதுக்கிவைத்தலைப் பதிவு செய்தது.

இந்தச் சான்றுகளை நான் இப்படிப் படிக்கிறேன். மாலையில் வளாகத்தில் இருப்பது போதுமான நிபந்தனை அல்ல, தேவையான நிபந்தனை. ஒதுக்கிவைத்தல் மெஸ்ஸிலும் மைதானத்திலும் மேடையிலும் நடக்கிறது என்று தோரட் குழு சொல்வதே, வளாகத்தின் உண்மையான உறுப்புரிமை எங்கே தீர்மானமாகிறது என்பதற்குச் சாட்சி. மதிப்புள்ள இடத்திலிருந்துதான் ஆளை விலக்குவார்கள்.

மொழி இதில் தனியே பேசவேண்டியது. தென்காசியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, கேளம்பாக்கம் போகும் வண்டி எது என்று கேட்டு வந்து சேர்கிறான் ஒரு தமிழ்வழி மாணவன். (2023 டிசம்பர் 30-இல் புதிய பேருந்து முனையம் திறந்தது முதல் இந்த இரு ஊர்ப்பெயர்களும் வெளியூர்க்காரரைப் பெரிதும் அலைக்கழிக்கின்றன.) முதல் வாரத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் ‘செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன்’ கேட்பார். மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தோடு எழுந்து நிற்பவனுக்கு மூன்றாவது வாக்கியத்தில் குரல் இறங்கும். அதன்பின் அவன் கடைசி இரண்டு வரிசைக்குள் இடம் தேடிக்கொள்வான். எந்த வகுப்பறையிலும் இதைப் பார்க்கலாம். பார்த்தும் நாம் மாற்றவில்லை.

நுழைவுத் தேர்விலும் இந்தக் கோடு தெரிகிறது. ஜேஇஇ முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். ஐஐடிக்கு அனுப்பும் அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் துறைகளில் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது. பெயர்பெற்ற தனியார் வளாகங்களின் பக்கம் அது வரவில்லை. அகில இந்திய அளவில் மாணவரைச் சேர்க்கும் வளாகங்களிலோ, வகுப்பில் ஆங்கிலமும் விடுதித் தாழ்வாரத்தில் இந்தியும் தெலுங்கும் ஓங்கி நிற்க, கேளம்பாக்கத்திலேயே பிறந்த பிள்ளை தன் ஊரில் சிறுபான்மையாகிறான். வெளியே டீக்கடைக்காரர் இந்தி கற்றுக்கொண்டுவிட்டார். அவருக்கு அது வியாபாரம். இவனுக்கு அது ஒவ்வொரு மாலையும் திரும்ப எடுக்கவேண்டிய முடிவு: கூட்டத்தில் போய் உட்காருவதா, அறைக்குப் போய்விடுவதா.

நகாசிஸ் காட்டிய ‘பீட்டர்’ கூச்சம் இங்கே இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. ஆங்கிலம் பேசிப் பழகக்கூடிய ஒரே இடம் மாலை மன்றம். ஊர் நண்பர்கள் முன்னால் பேசினால் கேலி, தெரியாதவர் முன்னால் பேசினால் பிழை. இருந்தும் அங்கே போய்த் தடுமாறித் தேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தடுமாற்றத்துக்கான நேரம் கிடைத்தது.

7. இரண்டு திட்டங்கள், ஓர் ஒப்பீடு

மாலை நேரம் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் ஒரே வகையாக எண்ணும் அரசுத் திட்டங்கள் வேறுவேறாகத் தெரிகின்றன.

2010-இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் உதவியது. எத்தனையோ வீடுகளுக்கு அது பெருந்துணை. ஆனால் அது வகுப்பறைக்கான உதவி மட்டுமே. விடுதிக் கட்டணம் கல்விக் கட்டணத்தைவிட மிகுதியாக உள்ள இச்சாலையில், அந்தச் சலுகை பெற்றவர் வேறு வழியின்றிப் பேருந்து மாணவராகவே இருந்தார்.

2021-இல் நிலைமை மாறியது. அரசுப் பள்ளி மாணவர் தொழிற்கல்வியில் குறைவாக இருப்பதை நீதிபதி முருகேசன் குழு ஆராய்ந்தபின், 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு பொறியியலுக்கும் சட்டமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின், அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார். செய்திகளும் விவாதங்களும் 7.5 என்ற எண்ணின்மீதே நின்றன. என் மதிப்பீட்டில் அந்த அறிவிப்பின் ஆழமான பகுதி ‘விடுதி’ என்ற சொல். பழைய மாமல்லபுரம் சாலையின் பெயர்பெற்ற கல்லூரியில் ஓர் அரசுப் பள்ளி மாணவி இரவு எட்டு மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்திருப்பதற்கு, தமிழ்நாடு பணம் செலுத்த முன்வந்தது அந்தச் சொல்லில்தான்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி வந்திருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியபோது யாரும் கல்லூரி மன்றங்களை நினைத்திருக்க மாட்டார்கள். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாயை மாணவியின் கணக்கிலேயே போடத் தொடங்கியது. வண்டியைத் தவறவிட்டால் வீடு திரும்ப வழியும், வளாக வாசலிலிருந்து நிறுத்தம் வரை ஷேர் ஆட்டோவுக்குக் காசும் ஒரு பெண்ணின் கையில் சேர்ந்தால், நாலரை மணி சற்றே தள்ளிப் போகிறது. இனிச் செய்யவேண்டியது கல்லூரிகளின் கையில் இருக்கிறது: மாலை ஏழரைக்கு இரண்டாவது வண்டி. எல்லாத் தடங்களுக்கும் வேண்டாம். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் விட்டால்கூட, அங்கிருந்து ரயில் இருக்கிறது. மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ தடம் முடிந்தாலும் அது சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடும். கேளம்பாக்கத்துக்கு அதன் பிறகும் வண்டி வேண்டும்.

நாட்டின் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் தேசியக் கட்டமைப்பில், அனைவரையும் உள்ளடக்கல் என்ற தலைப்பின்கீழ் வெளிமாநில மாணவர் எத்தனை, பெண்கள் எத்தனை, பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கியோர் எத்தனை என்று கேட்கிறார்கள். சேர்ந்தவர் தொகையோடு கேள்வி நின்றுவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் ஒரு மன்றத்தில் உறுப்பினர், ஒரு போட்டிக் குழுவில் இருந்தவர், மாலை ஏழு மணிக்கு ஆய்வகத்தில் இருப்பவர் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அதற்கு வேண்டிய ஏடுகள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கின்றன: பேருந்துக் கட்டணப் பதிவேடு, விடுதி வருகைப் பதிவேடு, மன்றங்களின் உறுப்பினர் பட்டியல், சேர்க்கைப் பிரிவு எழுதிய மாணவர் பட்டியல். நான்கையும் ஒரு மேசைமேல் விரித்து ஒப்பிட ஒரு வாரம் போதும். இச்சாலையின் கல்லூரி ஒன்று அந்தக் கணக்கை எடுத்து வெளியிட்டால், இங்கே நான் அனுமானமாக எழுதிய பலவற்றைத் திருத்தியோ உறுதிசெய்தோ எழுத முடியும்.